லாரோனியஸாக நடந்தவன்

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க ஐயா. அந்த மூலையில ஓடு உடைஞ்சிருக்கு, தலையில ஒழுகும். இது இப்போதைக்கு விடற மழை இல்ல. புத்தியோலித் துறைமுகத்துல தெக்குக் காத்து மழையோட சேர்ந்து வந்துச்சுன்னா, கப்பல்காரன் பாயைச் சுருட்டிட்டு மதுக்கடைக்குப் போக வேண்டியதுதான். நீங்களும் நானும் இப்படி மண்டபத்துல ஒண்ட வேண்டியதுதான்.

மிளகு மூட்டையோட வந்தவர்தானே நீங்க? காதுல கடுக்கனைப் பார்த்ததுமே நினைச்சேன். முசிறியா? அடேயப்பா, எவ்வளவு தூரம்! எங்க பாஷையை நல்லாவே பேசறீங்க. நடுநடுவுல கிரேக்கம் எட்டிப் பார்க்குது, அது போகட்டும். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உக்காரும்போது வலது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சை உள்ள இழுத்துட்டுத்தான் உக்கார்றீங்க. அடிபட்ட காலா? பார்த்தீங்களா, சொன்னேன்ல! இல்லல்ல, நான் வைத்தியன் இல்ல. அடுத்தவன் எப்படி உக்கார்றான், எப்படி எழுந்திருக்கறான், எப்படி இருமறான்னு பார்க்கறதுதான் என் பொழப்பு. பொழப்பா இருந்துச்சு.

பேரு ஹிலாரஸ். சிரிச்ச முகத்துக்காரன்னு அர்த்தம். தொழில் என்னவோ சாவு வீட்டுல. இப்ப அதையும் விட்டாச்சு. அலெக்சாந்திரியாவுல ஒரு கூத்துக் கோஷ்டி, கோமாளி வேஷத்துக்கு ஆள் கேட்டாங்க, கப்பல் ஏறப் போறேன். ரோமாபுரியிலேயே கைதேர்ந்த பிண நடிகன், கிழவன் மாதிரி குசு விட்டுக் காட்டற வேஷத்துக்குப் போறான். தலையெழுத்து. எல்லாம் ஒரு பொண்ணால.

சிரிக்காதீங்க. நீங்க நினைக்கற மாதிரி இல்ல.

உங்க ஊர்ல சண்டையில செத்தவனுக்குக் கல்லு நடுவீங்களாமே? ஒரு மாலுமி சொன்னான். கல்லு நல்லது ஐயா. கல்லு நடக்காது, இருமாது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. எங்க ஊர்ல அப்படி இல்ல. பெரிய பதவியில இருந்தவன் செத்தா, அவன் முகத்தை மெழுகுல அச்சு எடுத்து முகமூடி பண்ணுவோம். அதை வீட்டு முன்கூடத்துல அலமாரிக்குள்ள வச்சிருப்பாங்க. அப்பன், பாட்டன், முப்பாட்டன்னு வரிசையா. அந்த வீட்டுல அடுத்த சாவு விழுந்துச்சுன்னா அலமாரி திறக்கும். கூலிக்கு ஆள் பிடிச்சு, ஆளுக்கொரு முகமூடி மாட்டி, அந்தந்தப் பாட்டன் போட்ட அங்கியைப் போட்டு, ஊர்வலத்துல விடுவாங்க. செத்துப்போன பெரியவங்க எல்லாரும் எழுந்து வந்து, புதுசாச் செத்தவனைக் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு அர்த்தம். பார்க்கறதுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் பாட்டனுங்களா நடக்கறதுக்குப் பெரிய திறமை வேண்டாம். அவங்க நடந்ததைப் பார்த்தவன் எவன் உயிரோட இருக்கான்? யாரு வேணா நடக்கலாம். ஆனா அன்னைக்குச் செத்தவருக்கும் ஒருத்தன் வேணும். பாடைக்கு முன்னாடி, அவரோட முகத்தை மாட்டிக்கிட்டு, அவரோட நடையில, அவரோட குரல்ல. நேத்து வரைக்கும் அவரைப் பார்த்த ஊரு அது. ஒரு விரல் தப்பா அசைஞ்சா சிரிச்சுடும். அதுதான் நான். நான் வீதியில வந்தா ஜனங்க வழி விட்டு நிப்பாங்க. கடன் வாங்கினவன் மறைஞ்சுக்குவான். எஜமான் வர்றாருன்னு அடிமைங்க எழுந்து நின்னதைக் கண்ணால பார்த்திருக்கேன்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம். லாரோனியஸ்னு ஒரு பெரியவர். ஒரு காலத்துல பெரிய நீதிபதி. கட்டுக் கம்பும் கோடாலியுமா முன்னாடி சேவகன் நடக்க, அவர் பின்னாடி வருவார். நெஞ்சுல சளி கட்டிடுச்சு, இந்தக் குளிரைத் தாண்ட மாட்டார்னு வைத்தியன் கை விரிச்சுட்டான். மகன் தீத்தஸ் எனக்கு ஆள் அனுப்பினான். அந்த வருஷம் அவன் வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு ஓட்டுக் கேட்டு நிக்கப் போறவன். எங்க ஊர்ல அப்பன் சாவு ஊர்வலம்தான் மகனுக்கு முதல் பிரசாரம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

தீத்தஸ் சொன்னது இவ்வளவுதான்: "ஹிலாரஸ், அப்பா எப்படி இருக்காரோ அப்படியே வேணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து போய்க்கிட்டு இரு, பார்த்துக்கோ."

உயிரோட இருக்கறவரைச் சாகறதுக்கு முன்னாடியே அளவெடுக்கறதான்னு முகம் சுளிக்காதீங்க. தையக்காரன் எடுக்கலியா?

காலையில அந்த வீட்டுக்கு அண்டிப் பிழைக்கிற கும்பல் ஒண்ணு வணக்கம் சொல்ல வரும். பெரிய வீடு எல்லாத்துலயும் அந்த வழக்கம் உண்டு. அந்தக் கும்பல்ல ஒருத்தனா நானும் போய் நிப்பேன். அவரைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். நெட்டையான உருவம். கைத்தடியை ஊணி, கொஞ்சம் நடந்து, நின்னு, மறுபடி நடப்பார். பேசறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமிட்டு, மோதிரத்தைக் கட்டைவிரலால ஒரு தேய் தேய்ப்பார். இதெல்லாம் யாரு வேணா கத்துக்கலாம். அவரை அவரா ஆக்கினது வேற ஒண்ணு. அந்த முகத் திருப்பம்.

நீதிமன்றத்துல அவரைப் பார்த்தவங்க எல்லாரும் சொல்லுவாங்க. ஒருத்தனுக்கு மரண தண்டனைன்னா, தெளிவாச் சொல்லி முடிப்பார். சொல்லிட்டு, இடது பக்கம், சுவரைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்குவார். அவனை இழுத்துட்டுப் போற வரைக்கும் திரும்ப மாட்டார். கல் நெஞ்சன்னு பேரு வந்ததே அதுலதான். சாகப் போறவனைப் பார்க்கக்கூட அவருக்கு இளக்காரம். நானும் பார்த்தேன், நீதிமன்றத்துல இல்ல, வீட்டு வாசல்ல. அவரோட சொந்தப் பொண்ணுகிட்ட.

பொண்ணு பேரு லாரோனியா. எங்க ஊர்ல பொண்ணுக்குன்னு தனிப் பேர் வைக்கறதில்ல. அப்பன் குலப்பேரையே பொம்பளைப் பேரா மாத்தி வச்சுடுவாங்க. அப்பன் வெறுத்து ஒதுக்கினாலும் அவன் பேரை அவ உதற முடியாது. அப்பா கட்டி வச்ச புருஷன் பெரிய குடும்பம். அவனை விட்டுட்டு, திமோன்னு ஒரு கிரேக்கன், ரொட்டி சுடறவன், அடிமையா இருந்து விடுதலை வாங்கினவன், அவன்கூடப் போயிட்டா. போய் ஏழைபாழைங்க நெருக்கியடிச்சு வாழற சுபூரா சந்துல ரொட்டிக் கடை. அப்பா கூடத்துல எல்லாரையும் நிக்க வச்சு, "இந்த வீட்டுல எனக்கு மகள் கிடையாது"ன்னு சொல்லிட்டார். அதோட கதவு சாத்தினது சாத்தினதுதான். சட்டப்படி அவர் அவளைக் கொன்னே போட்டிருக்கலாம், தெரியுமா? எங்க ஊர்ல அப்பன்னா அப்படி. பேரன் எடுத்த மகன்கூட, அப்பன் உயிரோட இருக்கறவரை சொந்தமா ஒரு கழுதை வாங்க முடியாது.

சந்தை நாள் வந்தா அவ ரொட்டிக் கூடையோட அந்தத் தெருவுக்கு வருவா. வீட்டுக்கு எதிர்ல ஒரு நீர்த்தொட்டி, அதும் பக்கத்துல நிப்பா. விக்கற மாதிரி ஒரு சாக்கு. கிழவர் அன்னைக்குன்னு பார்த்து வாசல்ல நாற்காலி போடச் சொல்லுவார். அந்தக் குளிர்ல! வைத்தியன் கத்துவான், கேக்க மாட்டார். போர்வையைச் சுத்திக்கிட்டு வந்து உக்காருவார். அவ தலையைத் தூக்கி இவரைப் பார்ப்பா. உடனே தொண்டையைச் செருமுவார், மோதிரத்தைத் தேய்ப்பார், இடது பக்கம் கதவு நிலையைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்குவார். அவ கூடையைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் அப்படியே. என்ன ஒரு வைராக்கியம்! பெத்த பொண்ணை அவமானப்படுத்தறதுக்குன்னு சாகப்போற மனுஷன் குளிர்ல வந்து உக்கார்றார்னா பாருங்க. அவ வராத சந்தை நாள்ல அவர் படுத்தற பாடு இருக்கே, கஞ்சியைத் தூக்கி எறிவார், எல்லாரையும் கடிச்சுக் குதறுவார். அவமானப்படுத்த ஆள் கிடைக்கலன்னா கோபம் வரத்தானே செய்யும்?

இன்னொண்ணு. அடிமையை விட்டு அவ கூடையிலேருந்து ரொட்டி வாங்கி வரச் சொல்லுவார். சாப்பிட மாட்டார், பல்லு ஏது? தலைமாட்டுல வச்சுக்குவார். திமோன் கடை முத்திரை குத்தின ரொட்டி, காஞ்சு கல்லா, வரிசையாக் கிடக்கும். எடுத்துப் போடலாம்னு கை வச்சான் தீத்தஸ். தடியால அடிக்கப் போயிட்டார். எனக்கு முதல்ல புரியல. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. ராத்திரி எலி வந்து கடிச்சிருக்கு. விஷம் வச்சிருக்காளான்னு எலியை விட்டுப் பார்க்கறார் மனுஷன். நீதிபதி மூளை!

ஒரு நாள் காலையில கும்பலெல்லாம் கலைஞ்சப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"நீதானேடா எனக்காக நடக்கப் போறவன்?"

"எஜமான் நூறு வருஷம் இருக்கணும்"னேன்.

"வாயைக் கழுவு. நடந்து காட்டு."

நடந்தேன். தடி இல்ல, இருக்கற மாதிரி பாவனையா. நின்னு, மறுபடி நடந்து, செருமி. கிழவர் சிரிச்சார் ஐயா! சளி தொண்டையில உருள, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். "எனக்கு இவ்வளவு கூனா விழுந்திருக்கு?"ன்னார். அவர் சிரிச்சதுல எனக்கும் துணிச்சல் வந்துடுச்சு. மோதிரத்தைத் தேய்ச்சேன். இடது பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

சிரிப்பு நின்னு போச்சு. அப்புறம், "அதை விட்டுடு"ன்னார்.

"எஜமான், அதுதானே உங்க அடையாளம். ஊரே அதைத்தான் எதிர்பார்க்கும்."

"விட்டுடுன்னு சொல்றேன்ல. அது நடையில சேராது."

"மகன் அப்படியே வேணும்னு சொல்லியிருக்கார்..."

என்னவோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்து அடைச்சுக்கிச்சு. கையை ஆட்டி என்னைப் போகச் சொல்லிட்டார்.

இதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. எல்லாரும் அப்படித்தான். நல்லதைக் காட்டினா ரசிப்பாங்க, உண்மையைக் காட்டினா விட்டுடும்பாங்க. ஒரு செனட்டர் தன்னோட தொப்பையை விட்டுடச் சொன்னார். தொப்பை போனா அந்த ஆள்கிட்ட மிச்சம் என்ன இருக்கு? கண்ணாடியைப் பார்த்து முகத்தை மாத்திக்கோன்னு சொல்ற கதை. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். மனசுக்குள்ள விடறதா இல்ல.

குளிர் முடியற நேரத்துல செத்தார். வழக்கப்படி பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. எழுந்திருக்கல. மெழுகு அச்சு எடுத்தாங்க. இன்னும் மெழுகு வாசனை போகாத அந்த முகமூடியை மாட்டினப்ப எனக்குள்ள அவர் வந்து உக்கார்ந்த மாதிரியே இருந்துச்சு. கொம்பு ஊதறான், குழல் ஊதறான், ஒப்பாரிக்காரிங்க முடியை விரிச்சுப் போட்டு மார்ல அடிச்சுக்கறாங்க. முன்னாடி பாட்டனுங்க. அப்புறம் நான். எனக்குப் பின்னாடி பாடை. பாடைக்குப் பின்னாடி கறுப்பு உடுத்தி தீத்தஸும் சொந்தக்காரங்களும். வழிநெடுக ஜனம். "லாரோனியஸ்! லாரோனியஸ்!"னு ஒரு முணுமுணுப்பு, நான் போக முன்னாடியே போகுது. அப்படி நான் என்னைக்கும் நடந்ததில்ல.

ஊர்ப் பொதுச் சதுக்கத்துக்குத் திரும்பற முனையில அவ நின்னா. முடியை அவிழ்த்து விட்டிருந்தா. கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்து வழியில நின்னுட்டா, எனக்கு நேர் எதிர்ல.

"அப்பா"ன்னு கூப்பிட்டா.

கொம்பு நின்னுச்சு. ஒப்பாரி நின்னுச்சு. நூத்துக்கணக்கான ஜனம் எங்க ரெண்டு பேரையே பார்க்குது.

"அப்பா, ஒரு தடவை வான்னு கையைக் காட்டுங்கப்பா. பின்னாடி வந்துடறேன். வேற ஒண்ணும் கேக்கல."

உங்களுக்கு இது புரியணும். அந்த நிமிஷத்துல நான் ஹிலாரஸ் இல்ல. ஊரைப் பொறுத்தவரை நான்தான் அப்பன். நான் கையைக் காட்டியிருந்தா, அவ்வளவு பேருக்கு முன்னாடி தீத்தஸால தடுக்க முடியாது. அவ பாடைக்குப் பின்னாடி மகளா நடந்திருப்பா, சிதைக்குப் பக்கத்துல நின்னிருப்பா. எல்லாம் என் கையில இருந்துச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கையைக் காட்டியிருப்பீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கையைக் காட்டறதுல என்ன கஷ்டம், எந்தக் கோமாளியும் காட்டுவான். ஆனா அவர் காட்டுவாரா? நான் பார்த்தவன். சந்தை நாள் தவறாமப் பார்த்தவன். பொய் சொல்லச் சொல்றீங்களா, ஒருத்தரோட சொந்த முகத்தை மாட்டிக்கிட்டு?

செருமினேன். மோதிரத்தைத் தேய்ச்சேன். இடது பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

கூட்டத்துல ஒரு பெருமூச்சு. "அப்படியே அவரு!"ன்னு ஒரு கிழவன் சொன்னது காதுல விழுந்துச்சு. அவ அப்படியே புழுதியில உக்கார்ந்துட்டா. சேவகனுங்க அவளை ஓரமா நகர்த்தினாங்க. கொம்பு மறுபடி ஊதுச்சு, போயிட்டோம்.

மேடையில தீத்தஸ் அப்பாவைப் பத்திப் பேசினான், நல்லாத்தான் பேசினான். ஊருக்கு வெளியில சிதை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத் தீ வச்சான். அது எங்க வழக்கம், பெத்தவன் எரியறதை நேராப் பார்க்கக் கூடாது, மனசு தாங்காதுன்னு. திரும்பி வந்து என் தோள்ல கை போட்டு, "அப்பாவையே கொண்டு வந்துட்டே"ன்னான். அன்னைக்கு ஜூப்பிட்டர் கோயில் உச்சியில நிக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு.

அவ்வளவுதான் என் நல்ல காலம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "பிணம்கூட மன்னிச்சிருக்கும், இவன் மன்னிக்கல"ன்னு ஆரம்பிச்சாங்க. சுபூராப் பக்கம் போனா பொம்பளைங்க மாடியிலேருந்து வெங்காயத் தோலைக் கொட்டறாங்க. வேலைக்குப் போனா, "ஐயோ ஹிலாரஸா, வேண்டாம்பா, அவன் செத்தவரோட கோபத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு வருவான்"றாங்க. தீத்தஸ் ஜெயிச்சு பதவிக்குப் போயிட்டான், என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி. அப்படியே வேணும்னு கேட்டவன் அவன். அப்படியே கொடுத்தவன் நான். பழி யாருக்கு? எனக்கு எரிச்சலா வரும் ஐயா. இப்பவும் வருது.

அந்த வருஷம் பூரா அப்படி ஓடிச்சு. அடுத்த பிப்ரவரியில எங்க முன்னோர் திருநாள். அந்த நாட்கள்ல கோயில் சாத்தியிருக்கும், கல்யாணம் கிடையாது. அவங்கவங்க செத்துப்போனவங்க சமாதிக்குப் போய் ஒயின்ல நனைச்ச ரொட்டி, உப்பு, கொஞ்சம் ஊதாப்பூ படைச்சுட்டு வரணும். படையல் போடலன்னா செத்தவங்க பசியோட அலைவாங்க. கோபமா இருக்கறவங்களுக்குப் போட்டா எடுத்துக்க மாட்டாங்க, வீட்டுக்குக் கெடுதல். உங்க ஊர்லயும் உண்டா? எல்லா ஊர்லயும் செத்தவங்களுக்குப் பசிக்கத்தான் செய்யுது.

அப்ப திமோன் என்னைத் தேடி வந்தான். அடிக்கத்தான் வர்றான்னு நினைச்சேன், கதவுக்குப் பின்னாடி நின்னேன். பெரிய கை அவனுக்கு, மாவு பிசைஞ்ச கை. "அவ ஒரு உதவி கேக்கறா. வாங்க"ன்னு மட்டும் சொன்னான்.

கடையில மத்தியானம். அடுப்பு எரியுது. கழுதை செக்குமாடு மாதிரி கல்லைச் சுத்தி மாவரைக்குது. அவ முன்னாடி வந்து நின்னா. மெலிஞ்சு போயிருந்தா. திட்டுவான்னு பார்த்தேன். திட்டல.

"படையலுக்கு ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். எடுத்துட்டுக் கிளம்பறேன், வாசல் தாண்ட முடியல. அவர் வேண்டாம்னு திருப்பிக்கிட்டதை நானே பார்த்தேன். அப்புறம் எப்படிப் போய் அவருக்குச் சோறு வைப்பேன்?"

நான் சுத்தற கழுதையைப் பார்க்க ஆரம்பிச்சேன். அவ விடல.

"எங்கப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? நீங்க அங்கேயே இருந்தீங்களாமே."

"இல்லம்மா. உன் பேரைக்கூட எடுத்ததில்ல." பொய் சொல்லத் தெரியாது எனக்கு.

தலையை ஆட்டிக்கிட்டா. அப்புறம் கேட்டா: "எனக்காக ஒரு தடவை அவரா நடங்க. நடந்து வந்து என்னை நேராப் பாருங்க. ஒரு தடவை பார்த்தா போதும். நான் போய்ப் படையல் வச்சுடுவேன்."

"அது அவர் இல்லியேம்மா. இல்லாததைக் காட்ட நான் என்ன அரசியல்வாதியா?"

"பொய்யா இருந்தாலும் பரவால்ல"ன்னா.

திமோன் அடுப்புல ரொட்டியைத் தள்ளற நீளத் துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பாவமா இருந்துச்சு ஐயா. சொல்றதுக்கென்ன, பாவமாத்தான் இருந்துச்சு. சரின்னுட்டேன். வாழ்நாள்ல முதல் தடவையா ஒரு செத்தவரைத் தப்பா நடிக்க ஒத்துக்கிட்டேன்.

முகமூடி ஏது? அது அந்த வீட்டு அலமாரிக்குள்ள இருக்கு. வெறும் முகம்தான். திமோன் துடுப்பை வாங்கித் தடியா ஊணிக்கிட்டேன். நெஞ்சுல சளி இருக்கற மாதிரி மூச்சைப் பாதியில நிறுத்தினேன். நடந்தேன், நின்னேன், மறுபடி நடந்தேன். ஒரு வருஷமாச்சு, ஆனா உடம்பு மறக்கல. அவ கிட்ட வந்தேன். செருமினேன். மோதிரத்தைத் தேய்ச்சேன். இப்ப அவளை நேராப் பார்க்கணும். ஒரு பார்வை. அவ்வளவுதான் வேலை.

பார்த்தேன். கண்ணை அகல விரிச்சு அவ என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கறா, நீர்த்தொட்டிப் பக்கத்துல நிக்கற மாதிரியே. மூச்சைப் பிடிச்சு வச்சிருந்தேன். மாவுத் தூள் வேற. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. எனக்கு வேணும்னா கண்ணீர் வரவழைக்கத் தெரியும், அது வேற வித்தை. இது நான் கூப்பிடாம வந்துச்சு. கொட்டப் போகுதுன்னு தெரிஞ்சதும் கழுத்து தானா இடது பக்கம் திரும்பிடுச்சு ஐயா! நேராப் பார்க்கறேன்னு ஒத்துக்கிட்டு வந்தவன், மறுபடியும் அதையே பண்ணிட்டேன். மாவு மூட்டையைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன், தாடையில தண்ணி வழியுது.

வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. இவ்வளவு கேவலமா நான் எங்கயும் சொதப்பினதில்ல.

அவ சுத்தி வந்தா. மெதுவா, எனக்கு இடது பக்கமா வந்து, மூட்டைக்கும் எனக்கும் நடுவுல நின்னு என் முகத்தைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நான் துடைச்சுக்கக் கையைத் தூக்கினேன், பிடிச்சுக்கிட்டா.

"அப்பா எப்பவும் இந்தப் பக்கம்தான் திரும்புவாரா?"

"ஆமாம்மா. எப்பவும் இடது பக்கம்தான். மன்னிச்சுக்கோ, மாவுத் தூள் பட்டு..."

"நான் எப்பவும் தெருவுக்கு அந்தாண்டதான் நின்னேன்"னா. "இந்தப் பக்கம் வந்து பார்த்ததே இல்ல."

சொல்லிட்டு என் கையை ரெண்டு கையாலயும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. என் கையை! தெருவுல இவளை வான்னு கூப்பிடாத கையை! உண்மையைச் சரியாப் பண்ணினப்ப ஊரே காறித் துப்புச்சு. பொய்யைக்கூட ஒழுங்காப் பண்ணத் தெரியாம நின்னப்ப இவ கும்பிடறா. அன்னைக்கு எனக்குள்ள என்னவோ ஆடிப் போச்சு, இன்னும் நிக்கல. முகமூடியைத் தொடவே மனசு வரல. எந்தக் கணக்குல இதைச் சேர்க்கறது, சொல்லுங்க? நீங்க ஏன் இப்படி என்னைப் பார்க்கறீங்க?

அவ படையல் கூடையை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டா. வாசல் தாண்டி இறங்கிட்டா. நான் துடுப்பும் கையுமா பின்னாடி ஓடறேன். "நில்லும்மா, அது தப்பு, அது கணக்குல இல்ல, இன்னொரு தடவை சரியாப் பண்ணிக் காட்டறேன்"னு கத்தறேன். அவ காதுலயே வாங்கல. சமாதிங்க இருக்கற ரோட்டைப் பார்க்க ஓட்டமும் நடையுமாப் போயிட்டா.